நாற்பத்தைந்து வயதில் வரும் ‘டுகாசித்தா’ கடிதம்: வேலை மறுப்பும் அதைத் தாங்கும் வழியும்

‘டுகாசித்தா’ என்ற மலாய்ச் சொல்லுக்கு வருத்தம் என்று பொருள். வேலைக்கு மனுப் போட்டவர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதும். “காமி டுகாசித்தா மெமாக்லும்கான்” என்று தொடங்கும் கடிதத்தில் அடுத்த வரியைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்போது அந்தக் கடிதமும் அபூர்வமாகிவிட்டது. தேர்வு பெற்றவர்களுக்கு மட்டுமே தகவல் அனுப்பப்படும் என்று விளம்பரத்தின் அடியில் ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். மனு போகிறது, பதில் வருவதில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேலை கிடைக்கவில்லை என்று மனுப் போட்டவரே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பள்ளி முடித்த பிள்ளைக்கு இது நேர்ந்தால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த இடத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். இருபது ஆண்டு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து, சூப்பர்வைசர் என்றோ டெக்னீஷியன் என்றோ ஊரில் பெயர் எடுத்தவருக்கு நாற்பத்தைந்து வயதில் இது நேரும்போது கதையே வேறு. வீட்டுக் கடன் பாதிதான் கட்டியிருக்கும். மூத்த பிள்ளை எஸ்பிஎம் எழுதப்போகும். கோயில் நிர்வாகத்தில் பொறுப்பு இருக்கும். திருமண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் யாராவது ஒருவர், “இப்ப எங்கண்ணே வேல?” என்று கேட்பார்.

மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தனியார் துறையிலும் 60 வயதுக்கு முன்னர் ஒருவரை வயதைக் காட்டி ஓய்வுபெறச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கில் 45 வயதில் வேலையை இழந்தவருக்கு இன்னும் 15 ஆண்டு உழைப்பு மிச்சம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வேலையில் இருப்பவரைத்தான் காக்கிறது. வெளியே நின்று கதவைத் தட்டுபவருக்கு அதில் இடமில்லை.

மனுப் போட்டறியாத தலைமுறை

நம்மவர்களுக்கு இந்த மறுப்பு கூடுதலாக வலிப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை.

தோட்டத்தில் வேலைக்கு யாரும் மனுப் போட்டதில்லை. அப்பா பால் மரம் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனார், பிள்ளைக்கு வயது வந்ததும் மண்டோரிடம் ஒரு வார்த்தை சொன்னார்கள், மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் அவன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். வேலையும் லயத்து வீடும் ஒன்றாக வந்தன. கூலி குறைவு, அடக்குமுறை அதிகம். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் “உனக்கு வேலை இல்லை” என்று தனி ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் நிலை அங்கே பெரும்பாலும் இல்லை. தோட்டம் விற்கப்பட்டபோது எல்லாரும் சேர்ந்துதான் வெளியேறினார்கள். அந்த இழப்பு பெரியது என்றாலும் அது எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

அடுத்த தலைமுறை தொழிற்சாலைக்குப் போனது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய பிறகு பினாங்கிலும், பின்னர் பிறை, கூலிம், ஷா ஆலாம், பாசீர் கூடாங் என்று பிற ஊர்களிலும் ஆலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். தொழிற்சாலை பேருந்து தோட்டத்து வாசலுக்கே வந்தது. “எங்க லைன்ல ஆள் எடுக்கிறாங்க, அடையாளக் கார்டு எடுத்துக்கிட்டு வா” என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். நேரில் போய் ஒரு பாரம் நிரப்பினால் மறுவாரம் வேலை. இன்று நாற்பதுகளில் இருக்கும் பலர் தங்கள் முதல் வேலையை அப்படித்தான் பெற்றார்கள். அங்கேயே ஆப்பரேட்டராக நுழைந்து லைன் லீடராகி, சூப்பர்வைசராகி, பிறகு ஆலை இடம் மாறியோ ஆட்குறைப்பு நடந்தோ வெளியே வந்தார்கள்.

ஆக, நாற்பத்தைந்து வயதில் அவர்கள் பார்ப்பது வாழ்க்கையிலேயே முதல் வேலை மறுப்பு. மற்றவர்கள் இருபத்திரண்டு வயதில் பத்துப் பதினைந்து முறை பட்டுப் பழகிய ஒன்றை இவர்கள் தலை நரைத்த பிறகு முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இது புரிவதில்லை. “நேரா ஆபீசுக்குப் போயி கேளுப்பா” என்கிறார் எழுபது வயது அப்பா. நேராகப் போனால் காவலாளி, இணையத்தில் மனுப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இதைத் தன் தகுதிக்குறைவு என்று எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். ஆள் எடுக்கும் முறை மாறிவிட்டது என்பதே இதில் பெரும்பகுதி.

மறுப்பு எந்தக் கட்டத்தில் வருகிறது?

எல்லா மறுப்பும் ஒன்றல்ல. எந்தக் கட்டத்தில் மனு நின்றுபோகிறது என்று பார்த்தால்தான் எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்று தெரியும். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். எந்த நிறுவனம், என்ன வேலை, எந்தத் தேதி, எந்த வழியாக மனுப் போனது, என்ன ஆனது என்று எழுதி வந்தால் இரண்டு மாதத்தில் ஒரு வடிவம் தெரியும்.

முப்பது இடத்துக்கு மனுப் போட்டும் ஓர் அழைப்புகூட இல்லை என்றால், ஆளை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை என்று பொருள். சுயவிவரப் படிவம் எங்கோ தங்கிவிடுகிறது. பெரிய நிறுவனங்களில் மனுக்களை முதலில் கணினி மென்பொருள்தான் வரிசைப்படுத்துகிறது. விளம்பரத்தில் இருக்கும் சொற்கள் மனுவில் இல்லை என்றால் அது பின்னுக்குப் போய்விடும். “ஆப்பரேட்டர், 2003 முதல் 2024 வரை” என்ற ஒரு வரியில் இருபது ஆண்டு அனுபவம் மறைந்துகிடக்கும். எந்த இயந்திரம், எத்தனை பேரை மேய்த்தார், ஷிப்ட்டில் எத்தனை ஆயிரம் பொருள் வெளிவந்தது, தரச் சோதனையில் என்ன பொறுப்பு என்பவற்றை எழுதினால் அதே மனிதர் வேறு ஆளாகத் தெரிவார். நம்மவர்களுக்குத் தன்னைப் பற்றி எழுதக் கூச்சம் அதிகம். செய்ததைச் செய்தேன் என்று எழுதுவதில் பெருமையடிப்பு எதுவும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். அடையாளக் கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அதைச் சுயவிவரத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால், படிப்பவர் அனுபவத்துக்கு வருமுன்னரே வயதைப் பார்த்துவிடுகிறார். வேலை உறுதியான பிறகுதான் அந்த எண் தேவை. பாரத்தில் கட்டாயமாகக் கேட்டாலொழிய முதலிலேயே கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த ஆண்டிலிருந்து தொடங்கி எழுதுவதும் தேவையில்லை. கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டு போதும்.

தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டுப் பிறகு மௌனமாகிவிடுகிறார்கள் என்றால், பெரும்பாலும் சம்பளம், தூரம், ஷிப்ட் ஆகிய மூன்றில் ஒன்றுதான் இடிக்கிறது. “கடைசிச் சம்பளம் எவ்வளவு?” என்ற கேள்விக்கு 4,500 ரிங்கிட் என்று பதில் வந்ததும், 3,000 ரிங்கிட் ஒதுக்கி வைத்திருப்பவர் பேச்சை முடித்துக்கொள்கிறார். எவ்வளவு வரை இறங்கி வர முடியும் என்பதை வீட்டில் முதலிலேயே கணக்குப் பார்த்து வைத்துக்கொண்டால் அந்த இடத்தில் தடுமாற வேண்டியிருக்காது.

நேர்முகத் தேர்வு வரை போய்விட்டு வராமல் போகும் வேலைதான் அதிகம் வலிக்கும். உண்மையில் அதுதான் நல்ல அறிகுறி. பல மனுக்களைக் கழித்துவிட்டு நான்கைந்து பேரை மட்டும் கூப்பிட்டிருப்பார்கள். அதில் ஒருவராக இருந்திருக்கிறார். அந்த நிறுவனத்துக்கு மட்டும் நன்றி சொல்லி ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பி, எந்த அம்சத்தில் குறை இருந்தது என்று கேட்கலாம். பலர் பதில் தர மாட்டார்கள். ஒருவர் தந்தாலும் அது பத்து நாள் தூக்கமில்லாமல் யோசிப்பதைவிடப் பயன்படும். எடுக்கப்பட்டவர் வராமல் போய், இரண்டாவது ஆளைக் கூப்பிடுவதும் நடப்பதுதான்.

மாண்டரின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் விளம்பரங்களைப் பற்றி மழுப்பாமல் சொல்வது நல்லது. சில வேலைகளுக்கு அந்த மொழி உண்மையாகவே தேவை: சீன நாட்டு வாடிக்கையாளரோடு நாள்தோறும் பேச வேண்டிய வேலை என்றால் அது நியாயம். கிடங்கில் பெட்டி எண்ணும் வேலைக்கும் அதைக் கேட்கும்போது காரணம் வேறு என்று எல்லாருக்கும் தெரியும். 2022-இல் திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவு, வேலையிடப் பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்க வழி செய்கிறது. ஆனால் அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான தகராற்றைப் பற்றியது. வேலைக்கு மனுப் போட்டவர் இன்னும் ஊழியர் ஆகவில்லை. இந்த ஓட்டை அடைபடும்வரை, அத்தகைய இடங்களில் கிடைக்கும் மறுப்பைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. நோட்டுப் புத்தகத்தில் அதற்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

மறைப்பதற்கு ஆகும் செலவு

வேலை போனதை வீட்டில் சொல்லாமல் வழக்கம்போல் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நூலகம், பேரங்காடி, நண்பரின் கடை என்று பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் திரும்புவார்கள். இரண்டு வாரத்தில் வேறு வேலை கிடைத்துவிடும், கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு. முதல் மறுப்பு வரும். பிறகு இரண்டாவது. ஒவ்வொரு மறுப்பும் சொல்ல வேண்டிய நாளைத் தள்ளிப்போடுகிறது. இந்த மானப் பிரச்சினைக்கு ஒரு விலை இருக்கிறது. அதை ரிங்கிட்டில் கணக்கிட்டுச் சொல்ல முடியும்.

சொக்சோ எனப்படும் பெர்கேசோவின் கீழ் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018-இல் தொடங்கியது. தனியார் துறை ஊழியரின் சம்பளச் சீட்டில் ‘எஸ்ஐபி’ என்ற பெயரில் மாதந்தோறும் 0.2 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். சில ரிங்கிட் என்பதால் பலர் அந்த வரியைக் கவனித்ததே இல்லை. வேலை இழந்தவர் அதிலிருந்து வேலை தேடும் அலவன்ஸ் பெறலாம். அதிகபட்சம் ஆறு மாதம். திட்டம் தொடங்கியபோது வகுக்கப்பட்ட விகிதப்படி முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பின்னர் இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30 விழுக்காடு. ஆறையும் கூட்டினால் 270 விழுக்காடு. 3,000 ரிங்கிட் சம்பளம் வாங்கியவருக்கு அது ஏறக்குறைய 8,000 ரிங்கிட். எத்தனை மாதத்துக்குக் கிடைக்கும் என்பது எவ்வளவு காலம் சந்தா கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபர் முதல் 6,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

இதற்கு மனுச் செய்யச் சட்டம் தரும் அவகாசம் வேலை போன நாளிலிருந்து 60 நாள்.

வீட்டில் சொல்லாமல், நண்பரிடம் கேட்காமல், “அடுத்த வாரம் கிடைத்துவிடும்” என்று இருப்பவருக்கு 60 நாள் எப்படிப் போகும் என்பதே தெரியாது. பெர்கேசோ அலுவலகத்துக்கோ அதன் மைஃபியூச்சர்ஜாப்ஸ் இணையத்தளத்துக்கோ போவதைப் பிச்சை கேட்பதுபோல நினைப்பவர்களும் உண்டு. காப்புறுதி என்பது கட்டிய சந்தாவுக்குக் கிடைக்கும் உரிமை. மோட்டார் சைக்கிள் விபத்தானால் காப்புறுதி கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை.

இன்னொரு பொறி இருக்கிறது. ஆட்குறைப்பு நடக்கும்போது சில முதலாளிகள், “உங்கள் பெயர் கெடாமல் இருக்கட்டும், நீங்களே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று அன்பாகச் சொல்வார்கள். கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். தானாக விலகியவருக்கு இந்த அலவன்ஸ் கிடையாது. ஆட்குறைப்பு இழப்பீடும் கிடையாது. தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும் ஊழியர்களுக்கு, ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளமும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள் சம்பளமும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள் சம்பளமும் இழப்பீடாகத் தர வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. இருபது ஆண்டு உழைத்தவருக்கு அது 400 நாள் சம்பளம். நல்ல பெயரோடு போக வேண்டும் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அதை விட்டுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கட்டாயப்படுத்தி விலகச் செய்தார்கள் என்றால், அதையும் நியாயமில்லாத வேலை நீக்கம் என்று தொழிலியல் உறவு இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கும் அவகாசம் 60 நாள்தான். நிறுவனமே அறிவிக்கும் விருப்ப விலகல் திட்டத்தில் போனவர்கள் தனி ரகம். அவர்களுக்கு வேலைக் காப்புறுதி உண்டு.

அலவன்ஸ் தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால், ஒவ்வொரு மாதமும் வேலை தேடியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். போட்ட மனுக்கள், போன நேர்முகத் தேர்வுகள் எல்லாம் அதில் சேரும். வேலை தராமல் போன நிறுவனத்துக்கு அனுப்பிய மனுவும் கணக்கில் வரும். அந்த நோட்டுப் புத்தகம் இங்கேயும் பயன்படுகிறது.

கையில் திறமை, தாளில் ஒன்றுமில்லை

நம்மவர்கள் நடுவயதில் அதிகம் சந்திக்கும் மறுப்புக்குக் காரணம் சான்றிதழ் இல்லாமை. பதினெட்டு ஆண்டு வெல்டிங் செய்தவர், பட்டறையில் எந்த லோரியையும் பிரித்துப் பூட்டக்கூடியவர், உணவகச் சமையலறையை ஒற்றை ஆளாக நடத்தியவர், படிவத்தில் உயர்ந்த கல்வித் தகுதி என்ற கட்டத்துக்கு வரும்போது எஸ்பிஎம் என்று எழுதுகிறார். அதையும் முடிக்காதவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். மென்பொருள் அவர்களை அங்கேயே நிறுத்திவிடுகிறது.

இதற்கு அரசாங்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டு இலாகாவான ஜேபிகே, எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. 1 முதல் 3 வரை சான்றிதழ் நிலை, 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா. பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து படித்துத்தான் இதைப் பெற முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘பிபிடி’ எனப்படும் முன் அனுபவ அங்கீகார முறையில், வகுப்பில் உட்காராமலே ஒருவர் தன் வேலை அனுபவத்தைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம். அந்தத் தொழிலுக்கு வகுக்கப்பட்ட தேசியத் தரத்தை எடுத்து, அதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு வேலையையும் தான் செய்திருப்பதற்கான ஆதாரங்களைத் தொகுக்க வேண்டும். வேலை செய்யும் படங்கள், முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, வேலை உத்தரவுத் தாள், கலந்துகொண்ட குறுகிய காலப் பயிற்சிகளின் சான்று எல்லாம் அந்தக் கோப்பில் சேரும். அதை மதிப்பீட்டாளர்கள் பார்த்து, நேரில் கேள்வி கேட்டு, முடிவு செய்வார்கள். கட்டணம் உண்டு. ஆனால் கிடைப்பது கழகத்தில் படித்தவர் வாங்கும் அதே சான்றிதழ்.

கோப்பு தயாரிக்கச் சில மாதம் ஆகலாம். வேலை இல்லாத அந்த மாதங்களில் செய்ய இதைவிடப் பொருத்தமான வேலை குறைவு. ஒருவர் தான் இருபது ஆண்டில் என்னவெல்லாம் செய்தார் என்று உட்கார்ந்து எழுதும்போது, பதிலே வராத முப்பது மனுக்கள் மறக்கடித்த பலவும் நினைவுக்கு வரும். பழைய நிறுவனத்தை விட்டு வெளியேறும் நாளிலேயே அனுபவக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ஆலை மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

வேலைக் காப்புறுதியின் கீழும் பயிற்சிக்குப் பணம் உண்டு. பெர்கேசோ அதிகாரியிடம் அலவன்ஸ் மட்டும் பேசிவிட்டு வராமல் பயிற்சியைப் பற்றியும் கேட்க வேண்டும்.

வீட்டுக்குள்

1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே மாரியந்தால் என்ற சிற்றூரில் ஓர் ஆய்வு நடந்தது. ஊருக்கே சோறு போட்ட நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்திருந்தது. ஆலையும் குடியிருப்பும் ஒன்றாக இருந்த ஊர் என்பதால், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைக் கற்பனை செய்வது எளிது. மரி யகோடாவும் உடன் சென்ற ஆய்வாளர்களும் அங்கே ஒன்றைக் கவனித்தார்கள். நேரம் நிறைய இருந்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் அவர்கள் நடை அப்படி மாறவில்லை. 1933-இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், வேலை போனால் சம்பளத்தோடு நாளின் ஒழுங்கும் போய்விடுகிறது என்பதை அது கண்முன் காட்டியதுதான்.

வேலை தேடுவதையே ஒரு வேலையாக, காலையில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். காலை ஒன்பது மணிக்கு மனு, பதினொன்றரைக்குக் கணினியை மூடிவிடுவது; பிறகு வேறு வேலை. இரவு பன்னிரண்டு மணிக்குப் படுக்கையில் கைப்பேசியில் வேலை விளம்பரங்களைத் தேய்த்துக்கொண்டிருப்பதால் வேலை கிடைத்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. தூக்கம்தான் போகும்.

மனைவிக்கு அல்லது கணவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது எல்லா வகையிலும் லாபம். குடும்பத்துக்குத் தெரிந்தால்தான் செலவைக் குறைக்க முடியும். பிள்ளைகளுக்கும் அவர்கள் வயதுக்கேற்பச் சொல்லலாம். வீட்டில் ஏதோ சரியில்லை என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். சொன்ன பிறகு வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டியது ‘சும்மா’ என்ற சொல். “சும்மாதானே இருக்கீங்க, இதைச் செய்யக்கூடாதா?” என்ற ஒரு வாக்கியம் மறுப்புக் கடிதத்தைவிட ஆழமாக இறங்கும். கேட்டுக்கொண்டு வேலையைப் பகிர்ந்துகொள்வது வேறு, குத்திக்காட்டுவது வேறு. ஒவ்வொரு நேர்முகத் தேர்வு முடிந்ததும் வாசலிலேயே “என்ன ஆச்சு?” என்று கேட்காமல் இருந்தாலே பாதிச் சுமை குறையும்.

உறவினரிடமும் நண்பர்களிடமும் மறைப்பதில் இன்னொரு நஷ்டம் உண்டு. நடுவயதில் கிடைக்கும் வேலைகளில் பல, தெரிந்தவர் வாய்ச்சொல்லால் வருபவை. விளம்பரம் வருமுன்னரே ஆள் கேட்பார்கள். பழைய சக ஊழியர்கள்தான் இப்போது வேறு ஆலைகளில் சூப்பர்வைசர்களாக இருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் வேலை தேடுபவருக்கு இந்த வழி அடைபட்டுப்போகிறது. அந்த வகையில் எழுபது வயது அப்பா சொல்லும் “நேரா போயி கேளு” முழுக்கத் தவறும் இல்லை. கேட்க வேண்டிய ஆள்தான் மாறியிருக்கிறார்.

பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விட்டுப் பத்து ஆண்டு கழித்துத் திரும்பும் பெண்களின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கு வேலைக் காப்புறுதி அலவன்ஸ் கிடையாது. “இடையில் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்விக்கு, ஒன்றும் செய்யவில்லை என்று பதில் சொல்லிப் பழகிவிட்டார்கள். வீட்டிலிருந்தபடி பலகாரம் செய்து விற்றது, டியூஷன் எடுத்தது, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்கைப் பார்த்தது எல்லாம் மனுவில் எழுதக்கூடியவைதான்.

அவசரத்தில் வரும் ஆபத்து

பல மாதம் மறுப்பையே பார்த்தவருக்குத் திடீரென்று ஒருவர் “உங்களை எடுத்துக்கொள்கிறோம்” என்றால் கேள்வி கேட்கத் தோன்றாது. மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டெலிகிராம் வழி வரும் பகுதிநேர வேலை, முதலில் சிறு தொகை கொடுத்து ஆசை காட்டிப் பிறகு முன்பணம் கட்டச் சொல்லும் வேலை, நேர்முகத் தேர்வே இல்லாமல் பல ஆயிரம் ரிங்கிட் சம்பளத்துக்குக் கம்போடியாவுக்கோ மியன்மாருக்கோ விமான டிக்கெட் அனுப்பும் வேலை ஆகியவற்றில் சிக்கிய மலேசியர்களைப் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே வங்கிக்கும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கடன் தவணை தடுமாறத் தொடங்கினால், வங்கி கடிதம் போடும்வரை காத்திருக்காமல், பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகலாம். ஆலோசனை இலவசம், தவணையை மாற்றியமைக்க வங்கிகளோடு அவர்களே பேசுவார்கள். வட்டி முதலையிடம் வாங்கி வங்கிக்குக் கட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஊழியர் சேமநிதியில் 2024 மே முதல் வந்துள்ள நெகிழ்வுக் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்பது உண்மைதான். புதிய சந்தாவில் 10 விழுக்காடுதான் அதற்குப் போகிறது என்பதால் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். காப்புறுதி அலவன்ஸை வாங்காமல் விட்டுவிட்டுச் சேமநிதியில் கை வைப்பது தலைகீழ் வரிசை.

சோர்வு எப்போது நோயாகிறது?

மறுப்பு வந்த அன்று சாப்பாடு இறங்காமல் இருப்பது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் இல்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, காலையிலேயே குடிக்கத் தோன்றுகிறது, தான் இல்லாவிட்டால் குடும்பம் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் சொன்னால் அங்கிருந்தே மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. கோலாலம்பூர் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பெயர் சொல்லாமலே பேசலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய குற்றவியல் சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் போலீஸ் வரும் என்று இனி அஞ்ச வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேலை கிடைக்கிறது. சம்பளம் பழையதைவிடக் குறைவு, பதவியும் ஒரு படி கீழே என்றால் அதையும் தோல்வியாக நினைத்து யாருக்கும் சொல்லாமல் சேர்ந்துவிடுபவர்கள் உண்டு. பெர்கேசோவுக்கு மட்டுமாவது உடனே சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் சொல்லாமல் வேலை தேடும் அலவன்ஸை வாங்குவது குற்றம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அலவன்ஸ் காலம் முடியுமுன் வேலையில் சேர்ந்தவருக்கு, வாங்காமல் மிஞ்சிய தொகையில் ஒரு பகுதி ஊக்கத்தொகையாகக் கிடைக்கும். திட்டம் தொடங்கியபோது அது 25 விழுக்காடாக வகுக்கப்பட்டது. ஆறு மாத அலவன்ஸில் இரண்டு மாதம் மட்டும் வாங்கியிருந்த 3,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு, அந்தக் கணக்கில் அது ஏறக்குறைய 1,000 ரிங்கிட். இப்போதைய விகிதத்தை அலுவலக முகப்பில் கேட்டுக்கொள்ளலாம். புதிய வேலையின் நியமனக் கடிதம், அடையாளக் கார்டு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.